பேரா, நம்பரா?

போன மாசம் திருவரங்கத்தில் ஒரு கூட்டம் முடிந்து வாடகைக் காரில் ஊர் திரும்பினேன். கூட வந்த இரண்டு பேர் அன்றைக்குத்தான் அறிமுகம். "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்கள். ஊர்ப் பேரைச் சொன்னேன். தெருவைச் சொல்லவில்லை. நெடுஞ்சாலை முழுக்க டிரைவரின் கைபேசி வெறும் நம்பரைச் சொல்லிக்கொண்டு வந்தது. ஊருக்குள் திரும்பியதும் "காலனித் தெருவில் வலதுபுறம் திரும்பவும்" என்றது. அதற்கப்புறம் வண்டிக்குள் பேச்சில்லை.

மின்வரைபடத்தில் ஒவ்வொரு சாலைக்கும் பேருக்கு ஒரு இடம், நம்பருக்கு ஒரு இடம் உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பழைய பேரை எழுதவும் தனி இடம் இருக்கிறது. பெரிய சாலை பெரும்பாலும் நம்பரால் அழைக்கப்படும், தெரு பேரால் அழைக்கப்படும்.

நம்பருக்குச் சாதி கிடையாது. 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். வடக்கு தெற்காகப் போனால் இரட்டை எண், கிழக்கு மேற்காகப் போனால் ஒற்றை எண். விழுப்புரத்திலிருந்து திருச்சி வழியாகத் தூத்துக்குடி போகிற சாலை 38 ஆயிற்று. 67ஆக இருந்த தஞ்சாவூர் ரோடு 83 ஆயிற்று. யாரும் கொடி பிடிக்கவில்லை, பஸ்ஸை மறிக்கவில்லை.

பேர் அப்படியல்ல. திருவரங்கத்தில் மதிலுக்குள் மதிலாக நான்கு உத்திர வீதி, நான்கு சித்திரை வீதி. சித்திரைத் தேர் ஓடுவதால் அது சித்திரை வீதி. சேரிக்குத் தேர் வராது. அங்கே குடியிருக்கிறவனின் சாதியே தெருவுக்குப் பேர்.

1978இல் தெருப் பெயர்களிலிருந்து சாதி வாலை வெட்ட அரசு உத்தரவிட்டது. செட்டியும் பிள்ளையும் பலகையிலிருந்து போனார்கள். காலனி போகவில்லை. 1997இல் விருதுநகர்ப் பகுதியில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை அரசு சூட்டியது. கட்டபொம்மனின் தளபதி அவர், தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அரசு என்ன செய்தது? அதே ஆண்டு ஜூலையில் எல்லாக் கழகங்களிலும் எல்லா மாவட்டங்களிலும் தலைவர்களின் பேரை எடுத்துவிட்டது. திருச்சிப் பஸ்ஸிலிருந்த தீரன் சின்னமலையும் போனார். அதுவரை எத்தனையோ பேர்கள் ஓடின, யாருக்கும் உறுத்தவில்லை. நம்மவர் பேர் ஏறியதும்தான் பேரே வேண்டாம் என்றானது.

2025 ஏப்ரல் 29இல் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. வரவேற்கிறேன். ஆனால் எங்க ஊரில் ஒரு பெரியவர், "எதுக்கு வம்பு, முதல் தெரு, ரெண்டாம் தெருன்னு போட்டுட்டா தீர்ந்துச்சு" என்றார். தில்லைநகரில் குறுக்குத் தெருக்களுக்கு நம்பர்தான், யாருக்கும் குறையில்லை. அங்கே நம்பர் வெறும் அடையாளம். நமக்கு மட்டும் அது சமாதானத்துக்குக் கொடுக்கிற விலை. இழிபேரை எடுத்த இடத்தில் நாம் வைக்கிற பேர் நிற்க வேண்டும். அதை அந்தக் கைபேசி உரக்கச் சொல்லட்டும். வண்டியிலிருக்கிற எல்லோரும் கேட்கட்டும்.