துரைமார் கற்ற முதற்சொல்

புதிய மொழியொன்றைக் கற்பவன் எந்தச் சொல்லில் தொடங்குகிறான் என்பது சிறு செய்தி போலத் தோன்றும். ஆயினும், அவன் யாரோடு, எதன் பொருட்டுப் பேச விரும்புகிறான் என்பதை அம்முதற்சொல்லே காட்டிவிடும். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் உள்ள காப்பார் வட்டாரத்தின் தோட்ட வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான், காப்பார் பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்டவும் களையெடுக்கவும் தமிழகத்திலிருந்து மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். தோட்டத்தை நடத்திய துரைமாரோ பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டிய சின்னதுரைக்குத் தமிழ் இன்றியமையாததாயிற்று. 1919இல் அமைந்த மலாயாத் தோட்டத்துரைமார் சங்கம் தமிழ்த் தேர்வும் நடத்திற்று. தொழிலாளர் இலாகாவில் பணிபுரிய வந்த இளம் அதிகாரிகள் சிலர் தமிழ் கற்பதற்கென்றே சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். ஆகவே, அவர்கள் தமிழைப் புறக்கணித்தனர் என்று கூறுதல் பொருந்தாது. எத்தகைய தமிழைக் கற்றனர் என்பதே வினா.

இலங்கைத் தோட்டங்களிலும் இதே தேவை எழுந்தது. அங்கே துரைமாருக்கென வெளிவந்த இரு கைந்நூல்களின் பெயர்களே போதிய விடை தருகின்றன. ஒன்றன் பெயர் 'இங்கே வா'. சின்னதுரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத் தலைப்பு. மற்றொன்றன் பெயர் 'கூலித் தமிழ்'. தொழிலாளி பேசியது தமிழே. அவன் கூலிக்கு உழைத்ததனால் அவன் மொழியும் கூலி மொழியாயிற்று.

இதற்குத் தமிழின் அமைப்பும் ஒருவகையில் இடந்தந்தது எனலாம். தமிழில் வினைப்பகுதியே ஏவல் ஒருமையாகவும் நிற்கும். வா, போ, நில், எடு, வெட்டு என்பன விகுதி எதுவும் வேண்டாமலே முழுக் கட்டளைகளாகும். 'வாருங்கள்' என அழைப்பதற்கும், 'வந்தீர்களா' எனக் கேட்பதற்கும் மேலும் சில பாடங்கள் படித்திருத்தல் வேண்டும். அஃதாவது, கற்பதற்கு மிக எளிய வடிவமே கேட்பவர்க்கு மிகக் கடுமையான வடிவமாகவும் உள்ளது. குழந்தையும் முதலில் இவ்வடிவத்தையே பேசுகிறது, அதில் குற்றமில்லை. ஆனால் குழந்தை அவ்விடத்தே நின்றுவிடுவதில்லை. முதற்பாடத்தோடு நின்றுவிட்ட துரையோ, தன் தந்தை வயதுடையவரையும் 'வா, போ' என்றே விளிக்கலானான்.

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இன்றைய நைஜீரியாவின் பெருமொழிகளான யொருபா, இக்போ, ஹவுசா ஆகியவற்றை அயலார் கற்ற வரலாற்றை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். யொருபாவிலும் 'வா' என்றால் வருமாறு ஏவுதலே. இது மொழியுறவால் வந்ததன்று, தற்செயலான ஒற்றுமை. மூத்தோரை அழைக்குங்கால் அதன்முன் 'எ' என்னும் பன்மைச் சொல்லைச் சேர்த்து 'எ வா' என்பர். அந்த ஓரெழுத்தை விட்டவன் மரியாதையையே விட்டவனாவான். மேலும், இம்மூன்று மொழிகளிலும் குரலின் ஏற்ற இறக்கம் பொருளை வேறுபடுத்தும். யொருபாவில் 'ஒக்கோ' என்பது குரல் வேறுபாட்டால் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி எனப் பொருள்படும். இக்போவில் 'அக்குவா' என்பது அழுகை, துணி, முட்டை, கட்டில் என நாற்பொருள் தரும். ஹவுசா இவ்விரண்டிற்கும் இனமன்று, அரபுக்குத் தொலைவுறவுடையது, நெடுங்காலம் அரபு எழுத்திலேயே எழுதப்பட்டது. ஆதலின், இம்மொழிகளைக் கற்க விரும்புவோன் பேசுவதற்கு முன் கேட்கப் பழகுதல் வேண்டும்.

இவற்றின் தொடக்க நூல்களை ஆக்கியோர் யாவர் என்பதும் நோக்கத்தக்கது. சாமுவேல் அஜயி குரோதர் யொருபா நாட்டிற் பிறந்தவர். 1821இல் சிறுவராயிருந்தபோது அடிமை வேட்டையாளரிடம் அகப்பட்டார். 1822இல் பிரிட்டிஷ் கடற்படை அவர் ஏற்றப்பட்ட கப்பலைப் பிடித்தமையால் விடுதலை பெற்று, சியரா லியோனில் கல்வி கற்றார். 1843இல் யொருபாச் சொற்றொகுதியை வெளியிட்டார். அதன் 1852ஆம் ஆண்டுப் பதிப்பில், சொற்களுக்கு எடுத்துக்காட்டாகத் தம் மக்களின் பழமொழிகளைப் பெருவாரியாகச் சேர்த்தார். 1857இல் இக்போ அரிச்சுவடி ஒன்றும் செய்தார். அம்மொழிப் பணியில் இக்போ இனத்தவரான சைமன் ஜோனாஸ் அவருக்குத் துணைநின்றார். சமயம் பரப்புதலே அவர்தம் நோக்கமெனினும், தாய்மொழியாளர் கைபட்டதால் மக்களின் அறிவும் நகையும் பாடத்திலே இடம்பெற்றன.

'கூலித் தமிழ்' போன்ற நூல்களோ வேலை வாங்குவோரின் தேவைக்கெனச் செய்யப்பட்டவை. ஏவும் சொல் அவற்றால் எளிதிற் கிட்டும். மறுமொழியைக் கேட்கும் செவி கிட்டாது. தோட்டத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கிராணியும் கங்காணியும் நின்றனர். மேலிருந்து கட்டளை இறங்கிற்று; கீழிருந்து குறை ஏறவில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தங்களை இந்தப் பின்னணியிற் காணுதல் தகும். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவற்றில் முன்னின்றவர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு வேறு இரு கோரிக்கைகளும் எழுந்தன. துரையையோ பணியாளரையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பது ஒன்று. கொடுமை செய்யும் பணியாளரை நீக்கித் தமிழ் கற்றோரை அமர்த்துதல் வேண்டும் என்பது மற்றொன்று. துரைமார் தேர்வெழுதித் தமிழ் கற்று ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும், தமிழ் தெரிந்தவர் வேண்டும் எனத் தொழிலாளர் கேட்டனர்! அவர்கள் வேண்டியது ஏவும் தமிழையன்று; கேட்கும் தமிழை. அரசு படையை அழைத்து வேலைநிறுத்தத்தை அடக்கிற்று. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்.

இன்று அவ்வட்டாரத்தில் ரப்பர் குறைந்து, செம்பனையும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேபாளியர் வேலைக்கு வருகின்றனர். கிள்ளான் பள்ளத்தாக்கின் கல்லூரிகளிலோ நைஜீரிய மாணவரும் பயின்றுள்ளனர். வேலை சொல்லும் இடத்தில் இன்று தமிழரும் சிலர் உள்ளனர். அன்னோர் பிறர் மொழியில் முதலிற் கற்கும் சொல் எது என்னும் வினா இப்பொழுது நம்மையே நோக்கி நிற்கிறது. 'சாப்பிட்டீர்களா' என்னும் ஒரு சொல்லிலே காலமும் மரியாதையும் வினாவும் அடங்கியுள்ளன; மறுமொழிக்கு இடமும் உண்டு. எம்மொழிக்கும் முதற்பாடத்தை அத்தகைய சொல்லில் தொடங்குவித்தல் ஆசிரியர்க்கு இயலாததன்று.