மருத்துவ நூலகப் பணி: ஒரு வரலாற்றுப் பார்வை

நமது சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது, முப்பது ஆண்டுகள் நான் பார்த்த வேலையின் வரலாற்றையே எழுதலாம் என்று தோன்றியது. மாத்தூரில் எங்கள் தெருக்காரர்கள் பெரும்பாலும் மணலி ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள். நான் மருத்துவக் கல்லூரி ஒன்றில் நூலகர் என்றதும், "புக்கு எடுத்துக் குடுக்கறதுக்கு ஒரு படிப்பாப்பா?" என்பார்கள். அதற்கான பதில் நம்ம சென்னையிலேயே இருக்கிறது.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். அரங்கநாதன். அதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை என்று சலித்துப்போய், பழைய வேலைக்கே திரும்ப நினைத்தார். பயிற்சிக்காக லண்டன் சென்ற பிறகுதான் மனம் மாறியது. அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டார். அதே துண்டுகளை மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள்! ஒரு நூலின் பொருளையும் இப்படிப் பிரித்துக் கோக்கலாமே என்ற எண்ணம், 1933இல் 'கோலன் பகுப்பு முறை'யாக வெளிவந்தது. அதில் மருத்துவத்துக்கு 'எல்', நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6. இவற்றைக் கோத்தால் நூலின் இடம் தெரிந்துவிடும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. மருத்துவ நூலகத்தில் வாசகருக்குப் பின்னால் ஒரு நோயாளியும் காத்திருக்கிறார் என்பதை மறக்கலாகாது.

காசநோய் என்றதும் இன்னொரு சென்னை வரலாறு நினைவுக்கு வருகிறது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். அங்கே நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டிலோ இட நெருக்கடி. ஆனாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே! 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த இக்கட்டுரை, வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் வழியை உலகுக்கே திறந்துவிட்டது.

என் பணிக்காலத்தில் ஒருமுறை, இடம் போதவில்லை என்று 1970க்கு முந்தைய இதழ்களை எடைக்குப் போடச் சொன்னார்கள். "பழசை யார் சார் படிக்கிறாங்க?" என்பது வாதம். அந்த 1959ஆம் ஆண்டுத் தொகுதியை மேசைமேல் வைத்துத்தான் பேசினேன். இந்திய ஆய்வுகள் உள்ள தொகுதிகள் தப்பின. மற்றவை லாரி ஏறின. இன்றும் அது மனசைவிட்டுப் போகவில்லை.

எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே என்று இன்றைய மாணவர்கள் கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவில் 1879இல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்ற மருத்துவக் கட்டுரை அட்டவணை 2004உடன் அச்சில் நின்றது. 1997 முதல் 'பப்மெட்' எல்லோருக்கும் இலவசம். ஆனால் நம் நாட்டு மருத்துவ நூல்களை அங்கே தேடினால் கிடைக்குமா? கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராய்ச் சேர்த்த பெருந்தொகுப்பில் அத்தகைய நூல்களும் உண்டு. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. வாங்கியும் கடல் தாண்டிக் கொண்டுபோகவில்லை. அதைக் காக்க 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையிலேயே அமைந்தது.

தம்பிகளே, தங்கைகளே! அறிவியல் பட்டத்தோடு நூலக அறிவியலும் படியுங்கள். மருத்துவச் சொற்களைப் பழகுங்கள். டாக்டர் பாதி சொல்லும்போதே மீதி உங்களுக்குப் புரிய வேண்டும். கூடவே பழைய தமிழ் எழுத்தை வாசிக்கவும், பூச்சி அரித்த ஏட்டைப் பதமாகப் புரட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். நேற்று வந்த கட்டுரையைத் தேடித் தருவதும், நூறாண்டு நூலைக் காப்பதும் ஒரே வேலையின் இரண்டு கைகள். இந்த வேலைக்கு ஆட்கள் தேவை. நம் கல்லூரியிலிருந்து நாலு பேர் வந்தால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.