லயக் காம்பராவும் சாய்மனைக் கதிரையும்

மூட்டு நோவாலோ முதுமையாலோ நடமாட்டம் குறைந்தவர்களுக்கு வீட்டினுள் உதவும் சாதனங்கள் எவையென்று கேட்டால், ஊன்றுகோல், சுவர்க் கைப்பிடி, சக்கர நாற்காலி, மலசலகூட இருக்கை என்று எவரும் ஒரு பட்டியலைத் தந்துவிடுவர். இவை ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தை வீட்டில் வேண்டி நிற்பவை. கைப்பிடிக்கு உறுதியான சுவர் வேண்டும்; சக்கரத்துக்குச் சமதரை வேண்டும். மலையகத்தைப் பொறுத்தவரை கதையைச் சாதனங்களிலிருந்து தொடங்க முடியாது. காம்பராவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1874இல் நாவலப்பிட்டியை அடைந்த புகையிரதப் பாதை, 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தலவாக்கலையைக் கடந்ததும் கோச்சி நிற்கும் அடுத்த நிலையம் வட்டகொடை. கோப்பி இலைநோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட காலம் அது. இந்த மலைச்சரிவுகளில் எழுந்த லயன்களில் ஒரு குடும்பத்துக்கு அளிக்கப்பட்டது, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஒரு காம்பராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் மாத்திரமே. தண்ணீருக்குப் பீலிக்கரைக்குப் போகவேண்டும். மலசலகூடம் பின்னாளில் வந்தது. வந்தபோதும் அது லயத்துக்கு வெளியே, பெரும்பாலும் சில படிகளுக்குக் கீழேதான் அமைந்தது. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தில் இருந்தால்தான் காம்பரா. உழைக்கும் உடலுக்காகக் கட்டப்பட்ட அவ்விடத்தில், உழைப்பு முடிந்த உடலுக்கென எதுவும் திட்டமிடப்படவில்லை என்பது வியப்புக்குரியதன்று.

அந்த உழைப்பு உடலை என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். கூடையின் கயிறு தலையின் உச்சியில் பதிந்திருக்க, பாரம் முழுவதும் கழுத்தின் வழியே முதுகில் இறங்கும். இடுப்பில் படங்கு, ஈரத்தில் நனைந்த கால்கள், வழுக்கும் சரிவு. அண்மைக் காலங்களில் பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து என்பது கணக்காயிருந்தது. அந்தக் கணக்கை முடிக்க, நிறுவை நடக்கும் இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை இறங்கி ஏற வேண்டும். முப்பது வருடங்கள் இவ்வாறு கழிந்த பின் முழங்கால் மடங்க மறுப்பதற்கு வைத்திய விளக்கம் எதுவும் தேவையில்லை.

அதே தோட்டத்தின் பங்களாவில் நிலைமை வேறு. குதிரையிலும் கால்நடையாகவும் மலை சுற்றி வந்த துரையின் கால்களை நீட்டி வைப்பதற்கென்றே, கைகள் முன்னோக்கி நீண்டு செல்லும் சாய்மனைக் கதிரை ஒன்று விறாந்தையில் கிடந்தது. குடியேற்ற நாடுகளின் தோட்டப் பங்களாக்களில் பரவலாகப் பாவிக்கப்பட்ட இக்கதிரைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே 'பிளாண்டர்ஸ் செயார்' என்பதாகும். இன்று பழம்பொருள் வணிகர்கள் அதனை உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள். நீரோட்ட மலசலகூடம் வருமுன், படுக்கையறையை அடுத்த குளியலறையில் மரப்பெட்டி வடிவிலான கொமோட்டும் இருந்தது. அதைக் காலி செய்ய ஆள் இருந்தது. களைத்த காலுக்கு ஓய்வு வேண்டும், இரவில் வெளியே போகாமல் இருக்க வசதி வேண்டும் என்ற அறிவு தோட்டத்துக்கு இல்லாமலில்லை. அது பங்களா வாசலோடு நின்றுவிட்டது.

சட்டங்கள் வந்தன. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இலும், பின்னர் 1912இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் கவனம் காய்ச்சலிலும் தொற்றுநோயிலும் பிரசவத்திலும் இருந்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், விபத்தில் இழந்த ஒவ்வோர் உறுப்புக்கும் இத்தனை வீதம் என்று கணக்கிட்டது. விரல் போனால் கணக்கு உண்டு; வருடக்கணக்கில் தேய்ந்துபோன முழங்காலை விபத்தென்று எவரும் எழுதுவதில்லை. 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் தம் பணத்தைப் பெறலாம். 1983இன் பணிக்கொடைச் சட்டம் நாட்கூலியாளருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என வகுத்தது. இவற்றால் கிடைத்த தொகை மகளின் கலியாணத்துக்கோ அடகுக் கடைக்கோ போய்ச் சேர்ந்த கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தொகை பெற்றவரின் முழங்காலுக்கென எதுவும் வாங்கப்பட்டதாக ஒருவரேனும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆகவே உதவி சாதனங்களை மக்கள் தாமே செய்துகொண்டார்கள். செய்தி சேகரிக்கப் போன இடங்களில் கண்டவற்றைச் சொல்கிறேன்: கொய்யாக் கம்பில் வெட்டிய ஊன்றுகோல்; பிடித்து எழுவதற்காக வாசல் நிலையில் கட்டிய பழைய கூடைக் கயிறு; குந்த முடியாதவர் அடுப்படியில் உட்காரப் போட்ட மரக்குற்றி; விரல் மடங்காத கிழவி தேங்காய்த் துண்டு கீற, பழந்துணி சுற்றித் தடிக்கச் செய்த கத்திப்பிடி. இந்தக் கடைசிப் பொருளைக் கண்டபோது எனக்கு அமெரிக்கரான சாம் ஃபார்பரின் நினைவு வந்தது. மூட்டுவாதத்தால் வருந்திய தம் மனைவிக்காகத் தோல்சீவியின் பிடியைத் தடித்த இறப்பராக்கி, 1990இல் 'ஒக்ஸோ' என்ற பெயரில் சந்தைக்குக் கொணர்ந்தவர் அவர். சிந்தனை ஒன்றே, காப்புரிமை மட்டும் லயத்துக்கு வரவில்லை.

தரையில் வாழும் மக்களுக்கென வடிவமைக்கப்பட்ட சாதனத்துக்கு நம் அயலில் ஒரு முன்மாதிரியும் உண்டு. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே.சேத்தியும் 1960களின் இறுதியில் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், வெறுங்காலுடன் சேற்றில் நடக்கவும் தரையில் குந்தவும் உதவியது. கொழும்பின் பிரண்ட் இன் நீட் சொசைட்டி 1985 முதல் அதனை இலங்கையருக்குப் பொருத்தி வந்திருக்கிறது. போரில் கால் இழந்தோருக்கு அது பெரும் பேறு. கால் இருந்தும் நடக்க முடியாதவரின் வீட்டைப் பற்றி இதே அக்கறையுடன் சிந்திக்க ஒருவர் மலையகத்துக்கு வாய்க்கவில்லை.

1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பேசியது. 2006 ஒக்டோபரில் அணுகு வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் அவற்றை வலியுறுத்தியது. ஆயின் அவை பொதுக் கட்டடங்களைப் பற்றியவை. காம்பராவின் படி அவற்றில் அடங்காது. அடங்கினாலும் என்ன செய்வது? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது உலகம் ஏற்ற கணக்கு. ஒன்றரை அடி உயர வாசலுக்குப் பதினெட்டு அடி. காம்பராவே அவ்வளவு நீளமில்லை!

இந்திய உதவியுடன் அமைக்கப்பட்டு வரும் தனி வீடுகள் 550 சதுர அடி கொண்டவை. இரண்டு படுக்கையறைகளும் சமையலறையும் மலசலகூடமும் அவற்றில் உண்டு. முதற்கட்டத்தில் 4,000 வீடுகள் என்றிருந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. படி இறங்காமல் மலசலகூடம் போகலாம் என்பதே ஒரு முதியவருக்கு எத்தனையோ மருந்துகளுக்குச் சமம். எனினும் லயத்திலேயே இருப்போர் இன்னும் ஏராளம். அங்கே இப்போது காணக்கூடிய சாதனம் பிளாஸ்டிக் கதிரைதான். நடுவே வட்டமாக வெட்டி, கீழே வாளி வைத்தால் அது கொமோட். வெட்டாத இன்னொன்று இஸ்தோப்பில் இருக்கும்; நோய் முற்றும்போது நோயாளியை அதில் இருத்தி, இருபுறமும் கம்பு கட்டி, நால்வராய்த் தோளில் ஏற்றிப் பிரதான வீதிவரை சுமந்து இறங்குகிறார்கள்.