விடுதிக் கணினிக்குப் பெயர் வைத்த கதை

நாமக்கல், திருச்செங்கோடு பட்டறையிலிருந்து வெளியே வரும் எந்த லாரிக்கும் இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொடுக்கும் நம்பர், டி.என். 28 என்றால் நாமக்கல், டி.என். 34 என்றால் திருச்செங்கோடு. இன்னொன்று, முன்கண்ணாடிக்கு மேலே ஓனர் ஆசையாக எழுதி வைக்கும் பெயர். குலதெய்வம், அப்பா, மகள் என்று அது அவரவர் விருப்பம். கம்ப்யூட்டர் வலையமைப்பின் கதையும் ஏறக்குறைய இதேதான், நண்பர்களே!

வலையில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. எண் உண்டு. மெஷினுக்கு அது போதும். மனுஷனுக்கு மனசில் நிற்காது. எனவே 'ஹோஸ்ட்நேம்' என்ற பெயரையும் சேர்த்தார்கள். 1970-களில் அமெரிக்க அர்ப்பாநெட்டில் எல்லாப் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. வலை பெருகப் பெருக ஒரே பட்டியல் தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வகுத்தார். ஒரு நிறுவனத்துக்குரிய முகவரிக்குள் எந்தக் கணினிக்கு என்ன பெயர் என்பதை இனி அந்த நிறுவனமே முடிவு செய்யலாம். பெயர் வைக்கும் உரிமை கல்லூரி வாசலுக்கு வந்தது இப்படித்தான்.

நம் நாட்டில் 1986-ல் எர்நெட் தொடங்கியது. பம்பாய் என்.சி.எஸ்.டி.யில் 'சக்தி', 'சங்கம்', பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 'விக்ஞான்' என்று கணினிகளுக்கு நம்ம ஊர்ப் பெயர்களே வைத்தார்கள். ஆனால் அவை பொதுக் கணினிகள். மாணவனுக்குச் சொந்தமானவை அல்ல.

அமெரிக்காவில் விடுதி அறைகளுக்கே கேபிள் போன பிறகு நிலைமை மாறியது. எம்.ஐ.டி. போன்ற இடங்களில் மாணவன் தன் மெஷினைப் பதிவு செய்து, பிடித்த பெயரைக் கல்லூரி முகவரியோடு சேர்த்துக்கொண்டான். ஸ்டான்ஃபோர்டில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரு ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் கணினிகளுக்கு 'அகெபோனோ', 'கொனிஷிகி' என்று சுமோ மல்லர்களின் பெயரை வைத்தார்கள். 1994-ல் 'யாகூ' முதலில் குடியிருந்தது அந்த அகெபோனோவில்தான்! கூகுளும் முதலில் ஸ்டான்ஃபோர்டு முகவரிக்குள் ஒரு பெயராகத்தான் இருந்தது. சொந்த முகவரி பதிவானது 1997-ல்.

பெயர் வைக்கவும் இலக்கணம் வந்தது. டான் லிப்ஸ் 1990-ல் எழுதிய குறிப்பில், சொந்தப் பெயரை வைக்காதே, இன்று செய்கிற வேலையின் பெயரை வைக்காதே, வேலை மாறிவிடும் என்றெல்லாம் சொன்னார். ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டுமே அனுமதி. தமிழ் எழுத்துக்கு வழி பிறந்தது 2003-ல் வந்த தரத்தினால். '.இலங்கை' 2010-லும் '.சிங்கப்பூர்' 2011-லும் வந்தன.

நம்ம சேலம், நாமக்கல் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு ஏன் கிடைக்கவில்லை? பொது இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15-ல் சென்னை முதலான பெருநகரங்களில் தொடங்கியது. நம் சமவெளிக்கு வந்தது அதற்கும் பிறகு. அதற்குள் இணைப்பு கேட்கும்போது ஏதோ ஒரு எண்ணைத் தற்காலிகமாகக் கொடுக்கும் டி.எச்.சி.பி. (1993) வந்துவிட்டது. எண்கள் பற்றாக்குறையால் வெளியுலகுக்குத் தெரியாத உள் எண்களும் (1994) வந்துவிட்டன. பிறகு வை-ஃபை. விடுதி இணைப்பு என்றாலே ரிஜிஸ்டர் நம்பரும் பாஸ்வேர்டும் என்றாகிப் பெயருக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

போனால் போகட்டும் என்று விடலாமா? பெயருள்ள மெஷினை அடுத்த அறைக்காரன் தேடி வருவான். அதில் ஒரு பாடக்குறிப்போ, சொந்தமாக எழுதிய புரோகிராமோ இருக்கும். வைரஸ் பிடித்தால் யாருடையது என்று உடனே தெரியும். இணையத்தை வெறுமனே வாங்கிக்கொள்பவன், தானும் ஏதாவது கொடுப்பவனாக மாறுகிறான். ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: பெயரை வைத்து மாணவியின் அறையை வெளியாள் கண்டுபிடிக்கும்படி இருக்கக் கூடாது. அதனால் இந்தப் பெயர்கள் வளாகத்துக்குள் மட்டும் தெரிந்தால் போதும்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பழைய கணினியும், இலவசமாகக் கிடைக்கும் டி.என்.எஸ். மென்பொருளும், அக்கறையுள்ள இரண்டு மாணவர்களும் போதும். விடுதிக்கு நிதி கொடுக்கும் முன்னாள் மாணவர்கள் கேபிள், ரவுட்டரோடு இதையும் கேட்டு வாங்கித் தரலாம். தம்பி தங்கைகளே, நீங்கள் வைக்கும் பெயர்களை ஆண்டுவாரியாக ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். 25 வருஷம் கழித்து நீங்கள் வெளியிடும் மலருக்கு அதைவிட நல்ல பக்கம் கிடைக்காது.