பார்வையிழப்பின் காரணத்தை நிர்ணயித்தல்

ஒரு தேசத்தில் பார்வையிழந்தோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு விடை கூறப் புகுமுன், எந்த அளவைக் கொண்டு எண்ணினார்கள் என்று விசாரிப்பதே முறை. குறையற்ற கண் 60 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் எழுத்தை 6 மீட்டரில் நின்றும் படிக்க இயலாதவரை, அதாவது நல்ல கண்ணின் பார்வை 6/60-க்குக் குறைந்தவரை, பார்வையற்றவர் என்று இந்தியாவில் நெடுங்காலம் கணக்கிட்டு வந்தார்கள். 2017-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவையொட்டி அவ்வெல்லை 3/60 ஆக மாறியபோது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர்கள், ஒருவர் கண்ணிலும் ஒளி கூடாமலே, பட்டியலை விட்டு நீங்கினார்கள். எண்ணிக்கையிலுள்ள இந்தச் சங்கடம் பலரும் அறிந்ததே. காரணத்தை நிர்ணயிப்பதிலுள்ள சங்கடமோ அதனினும் நுட்பமானது.

கிராமத்துத் திண்ணையில் நடக்கும் பரிசோதனையைக் கவனித்தால் விஷயம் விளங்கும். பலகையிலுள்ள குறிகளைக் காணத் தடுமாறும் முதியவரின் கண்முன் சிறு துளையிட்ட கறுப்பு அட்டையைப் பிடிக்கிறார்கள். துளைவழியே குறிகள் தெளிந்தால், கோளாறு பெரும்பாலும் ஒளி குவிவதில்தான், மூக்குக்கண்ணாடியே அதற்குப் பரிகாரம். தெளியாவிடில் கைவிளக்கை அடித்துப் பார்த்து, கண்மணி வெளுத்திருந்தால் கண்புரை என்று எழுதிக்கொள்கிறார்கள். முற்றிய புரைக்குப் பின்னாலுள்ள விழித்திரையும் பார்வை நரம்பும் அப்போது புலப்படுவதில்லை. அன்றியும், ஒருவரிடத்தில் பல நோய்கள் கூடியிருப்பின், அவற்றுள் எளிதில் தீர்க்கத்தக்கது எதுவோ அதையே பிரதான காரணமாகப் பதிவது இத்தகைய கணக்கெடுப்புகளில் வழங்கிவரும் விதி.

இவ்விதி நிர்வாகத்துக்கு அனுகூலமானது என்பதை நான் மறுக்கவில்லை. அறுவைக்கூடங்கள் எத்தனை வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். ஆயினும், புரையோடு கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயும் உடையவர், வலியின்றி ஓரப் பார்வையில் தொடங்கி நரம்பையே அழித்துவிடும் அந்நோய் எங்கும் பதிவாகாமல், புரைக்காரராகவே கணக்கில் ஏறிவிடுகிறார். புரை நீங்கியும் இருள் நீங்காதபோது பழி அறுவையின்மேல் விழுகிறது. அதைக் கண்ட அண்டை வீட்டுக்காரர் கண் சிகிச்சை முகாமுக்கு வரத் தயங்கினால் அவரைக் குறைகூற இயலுமா? நரம்பு இழந்த பார்வையை எச்சிகிச்சையும் மீட்பதில்லை. சொட்டு மருந்து எஞ்சியதைக் காக்கவே உதவும். கைவிளக்கின் ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்று நோயாளி சரியாகச் சொல்கிறாரா, ஒளி பட்டதும் கண்மணி சுருங்குகிறதா என்று அறுவைக்கு முன் பார்த்தாலே பல சமயங்களில் உள்நோயின் குறிப்புக் கிடைத்துவிடும். இதற்குச் செலவொன்றுமில்லை.

பரிகாரத்தை மதிப்பிடுவதிலும் இக்குறை உண்டு. புரை படிந்த வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடியைக் கொடுத்தனுப்பிய காலத்தில், கண்ணாடி உடைந்த அன்றே பார்வையும் போயிற்று. ஏட்டிலோ அந்நோயாளி குணமானவர். 1949-இல் லண்டனில் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி தொடங்கிவைத்த உள்விழி வில்லை, 1992-இல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் அதை மலிவாகத் தயாரிக்கத் தொடங்கிய பின்னரே நம் ஏழைகளுக்குப் பெரிதும் எட்டலாயிற்று.

ஆதலின் கணக்கெடுப்புப் படிவத்தில் இரண்டாம் காரணத்துக்கும் இடம் வேண்டும். அறுவைகளின் தொகைக்குப் பக்கத்திலேயே, சில வாரங்கள் கழித்து அளந்த பார்வையையும் குறிக்கவேண்டும். இவ்விரண்டும் இல்லாத புள்ளிவிவரத்தை ஆராய்ச்சியாளர் ஏற்கலாகாது.