ஏற்கனவே ரேபிஸ் ஊசி போட்டவரை நாயோ பூனையோ பிறாண்டினால் என்ன செய்வது?

"போன வருஷம்தான் நாய்க்கடிக்கு ஊசி போட்டோம். இந்தப் பூனை பிறாண்டியதற்கு மறுபடியும் போட வேண்டுமா?" பூனை வளர்க்கும் நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. வேண்டும் என்பதுதான் பதில். ஆனால் இம்முறை இரண்டே ஊசிகள் போதும்.

ரேபிஸ் நோயின் அறிகுறி தெரிந்த பிறகு உயிரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. அதற்கு முன் சிகிச்சை எடுத்தால் நோய் வராமலே தடுத்துவிடலாம். இதனால்தான் சின்னக் கீறலையும் நாம் அலட்சியம் செய்யக் கூடாது. விலங்குகள் தம் கால்களை நக்குவதால் நகங்களில் எச்சில் படிந்திருக்கும். கிருமி இருப்பது அந்த எச்சிலில்தான்.

முதலில் செய்ய வேண்டியது

குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். ஊசி போட்டவர், போடாதவர் எல்லோருக்கும் இது பொருந்தும். பிறகு பொவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினியைத் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டுப் போடவும் கூடாது.

எத்தனை ஊசி?

முன்பு முழு கோர்ஸ் முடித்தவருக்கு 2 ஊசிகள்: முதல் நாள் ஒன்று, அதிலிருந்து மூன்றாம் நாள் மற்றொன்று. திங்கட்கிழமை முதல் ஊசி போட்டால் வியாழக்கிழமை அடுத்தது. பழைய தடுப்பூசியை உடல் நினைவில் வைத்திருப்பதால் எதிர்ப்புச் சக்தி வேகமாக எழும். எனவே ஆழமான காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்து இவர்களுக்குத் தேவையில்லை.

முழு கோர்ஸ் முடிந்து மூன்று மாதத்திற்குள் மறுபடி காயம் பட்டால், நன்றாகக் கழுவினாலே போதும், ஊசி தேவையில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருந்தாலும் அதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

யாருக்கு இது பொருந்தாது?

* இரண்டு மூன்று ஊசியோடு பாதியில் நிறுத்தியவர்கள்.
* ஊசி போட்டதற்குச் சீட்டோ, தெளிவான விவரமோ இல்லாதவர்கள்.
* முன்காலத்தில் வயிற்றில் போட்ட ஊசியை மட்டும் எடுத்த பெரியவர்கள். ஆட்டு மூளைத் திசுவில் தயாரான அந்த மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004இல் நின்றுவிட்டது. அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இவர்கள் எல்லாம் புதிதாக முழு கோர்ஸும் போட வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ உள்ளவர்கள், முன்பு ஊசி போட்டிருந்தாலும், அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு முழுச் சிகிச்சையும் தேவைப்படலாம்.

"வீட்டுப் பூனைதானே!"

பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்பதற்காக நம் ஊசியைத் தவிர்க்கக் கூடாது. பத்து நாள் பூனையைக் கவனித்துவிட்டுப் பிறகு போகலாம் என்று காத்திருக்கவும் கூடாது. கவனிப்பது ஒரு பக்கம் நடக்கட்டும், ஊசியை அன்றே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். கடைசியாக டிடி ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் திட்டு விழும் என்று பயந்து கீறலை மறைத்துவிடுவதுண்டு. "பூனை பிறாண்டினால் உடனே சொல், திட்ட மாட்டேன்" என்று இன்றே அவர்களிடம் சொல்லி வைப்போம். பழைய ஊசிச் சீட்டு எங்கே இருக்கிறது என்று தேடி, ரேஷன் கார்டு, ஆதார் வைக்கும் இடத்திலேயே பத்திரப்படுத்துவோம். செல்போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், இரண்டு ஊசியா முழு கோர்ஸா என்று மருத்துவர் உடனே முடிவு செய்ய அது உதவும்.