மாட்டுக் கொட்டிலும் மலைநாட்டு முனியும்

கொட்டகலையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் லயன்களை அடுத்து மாட்டுக் கொட்டில்களைக் காணலாம். தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்கு நாட்கூலியோடு பால்காசும் தருவது பசு. மரக்கறிப் பாத்திக்கு எருவும் அதனாலேயே கிடைக்கும். திருமணத்துக்கோ மருந்துக்கோ விற்கத்தக்க சேமிப்பும் அதுவே. ஆகவே பசுவுக்கு ஒரு கேடு நேர்ந்தால் வீடே கலங்கும். அந்தக் கலக்கத்தைச் சார்ந்தே பல நம்பிக்கைகள் நிலைத்தன.

கன்று ஈன்ற பசுவின் நஞ்சுக்கொடியை வைக்கோலிற் பொதிந்து, பால் வடியும் மரத்திற் கட்டுவர். மரம்போல மடியும் சுரக்கும் என்பது கருத்து. விளக்கேற்றிய பின் பாலும் தயிரும் வெளியார்க்குக் கொடார். பசு உதைத்தால், கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பிலிடுவர். நள்ளிரவில் மாடு வெறித்து மிரண்டால், 'காத்துக் கருப்பு' என்றஞ்சி முனியாண்டிக்கு நேர்ந்துகொள்வர்.

இந்நம்பிக்கைகள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவை. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த மக்கள் அவற்றையும் உடன் கொணர்ந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். ஈமக்கடன் பெறாத உயிர் அலையும் என்று நம்பிய சமூகத்துக்கு அது ஆறாத துயரம். பேயச்சம் என்று பிறர் நகைப்பதில் அத்துயரின் நிழலும் படிந்திருக்கக்கூடும். வந்த மண்ணில் பழைய நம்பிக்கை புதுவடிவமும் பெற்றது. ஊரையும் தொழுவத்தையும் காத்த முனி, தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் 'ரோதைமுனி'யாகவும் வழிபடப்பெற்றான்.

இத்தகைய எண்ணங்கள் தமிழர்க்கே உரியனவல்ல. தொலைவிலுள்ள அயர்லாந்திலும் குடியானவர்கள் மே முதல் நாளில் பாலையும் நெருப்பையும் வீட்டைவிட்டுப் போகவிடார். ஆண்டு முழுவதற்குமான வெண்ணெய்ப் பேறு அவற்றோடு போய்விடும் என்று அஞ்சினர். ஈன்ற பசுவின் முதற்பாலிற் சிறிது நிலத்தில் ஊற்றி, கண்காணா மாந்தர்க்கு அளித்தனர். அந்நாட்டின் நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு 1937 முதல் 1939 வரை இச்செய்திகளைத் திரட்டப் பள்ளிப் பிள்ளைகளையே துணைகொண்டது. ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் 50,000 பிள்ளைகள் தத்தம் ஊர் முதியோரைக் கேட்டு எழுதினர்.

மலைநாட்டிலும் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொழிலாளர் பாடல்களைத் தேடித் தொகுத்தார். கொட்டில்களின் கதைகளோ பெரும்பாலும் முதியோர் நாவிலேயே தங்கியுள்ளன. ஒரு முதியவர் மறைய, ஒரு சுவடியும் உடன் மறைகின்றது. நம்பிக்கை மெய்யா பொய்யா என்பது வேறு வினா. தோட்டத்தின் விளைச்சலுக்கு ஏட்டிற் கணக்குண்டு. விளைவித்தவர் எதற்கு அஞ்சினர், எதனைப் போற்றிக் காத்தனர் என்பதற்கு இக்கதைகளே சான்று. அவற்றைக் காக்க மாணவர் கையில் ஒரு கொப்பியும், பாட்டியருகில் அமர்ந்து கேட்கும் பொறுமையும் வேண்டும்.